மதராஸில் இரண்டு விடியற்காலைகள்: 1872-இல் வந்து தொலைந்த வால்மீன்

1872 நவம்பர் 30 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்துக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானாய்வகத்தைச் சேர்ந்த க்ளிங்கர்ஃபூஸ். பெற்றுக்கொண்டவர் மதராஸின் அரசு வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சன். ரஷ்யா வழியாக 1 மணி 35 நிமிடத்தில் வந்து சேர்ந்த தந்தி அது. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு ஒழுங்கான தந்தித் தொடர்பு கிடைத்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்தால் இந்த வேகம் சும்மா இல்லை. சேதி இதுதான்: பியேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் பக்கம் தேடிப் பாருங்கள்.

போக்சன் தேடினார். மூன்றாவது விடியற்காலையில் ஒரு வால்மீன் கிடைத்தது. அடுத்த விடியற்காலையும் அதைப் பார்த்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த வால்மீனை அதற்குப் பின் யாரும் பார்க்கவில்லை. அது பியேலாவும் இல்லை என்று பிற்பாடு கணக்குப் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பழைய வானியல் புத்தகங்களில் பியேலா பற்றிய அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தியாக, சில சமயம் வெறும் அடிக்குறிப்பாக இந்தக் கதை வரும். "விசித்திரமான தற்செயல்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. அந்த இரண்டு காலைகளிலும் நிஜமாக என்ன அளக்கப்பட்டது என்று பார்த்தால், பெயர் தப்பாகப் போனதும் அளவு சரியாக இருந்ததும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பது தெரியும்.

முதலில் பியேலா. 1772-இல் பிரான்சின் லிமோஜ் நகரில் மொந்தேன் என்பவர் பார்த்த வால்மீன் அது. 1805-இல் போன்ஸ் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. 1826 பிப்ரவரி 27-இல் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி வில்ஹெல்ம் வான் பியேலா மறுபடி கண்டுபிடித்து, சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, இது ஆறேமுக்கால் வருஷத்துக்குள் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும் வால்மீன் என்று காட்டினார். பெயர் அவருடையதாக நிலைத்தது. 1832-இல் அது பூமியின் பாதையையே கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு போகும் என்ற கணக்கு வெளியானபோது பாரிஸில் பெரிய பீதி. ஆனால் வால்மீன் அந்த இடத்தைக் கடந்து ஒரு மாதம் கழித்துத்தான் பூமி அங்கே போய்ச் சேர்ந்தது. ரயில் போன பிறகு கேட்டைக் கடந்தவன் கதை.

உண்மையான அதிர்ச்சி 1846-இல். ஒன்றாக வந்துகொண்டிருந்த வால்மீன் இரண்டாகத் தெரிந்தது. கேம்பிரிட்ஜில் சாலிஸ் தன் கண்ணையே நம்பவில்லை. 1852-இல் இரண்டும் திரும்பி வந்தன, இடைவெளி சுமார் 24 லட்சம் கி.மீ. ஆகியிருந்தது. அத்தோடு சரி. 1859-இல் வானத்தில் பார்க்க வசதியில்லாத இடம். 1865-66-இல் வசதியான இடம், எல்லோரும் தேடினார்கள், ஒன்றும் இல்லை. வால்மீன் போயே போய்விட்டது.

இப்படி ஆறு வருஷம் ஓடிய பிறகு 1872 நவம்பர் 27 இரவு வந்தது. ஐரோப்பா முழுக்க எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. இத்தாலியில் மோன்காலியேரி என்ற ஊரில் தென்சா பாதிரியாரும் உதவியாளர்களும் ஆறரை மணி நேரத்தில் 33,400 எண்ணினார்கள். எண்ண முடிந்தது அவ்வளவு. எல்லாம் ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வருவதுபோல் தெரிந்தன. அது பியேலாவின் பாதையைப் பூமி குறுக்கே கடக்கும் இடம். அங்கே எரிகற்கள் வரலாம் என்று வியன்னாவின் வைஸ் போன்றவர்கள் முன்பே சொல்லியும் இருந்தார்கள்.

க்ளிங்கர்ஃபூஸின் மூளை இங்கே வேலை செய்தது. வெறும் தூசி என்றால் இத்தனை அடர்த்தியாக இருக்குமா? பியேலாவின் உடலே, அல்லது அதில் ஒரு பாதியே பூமியை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று முடிவு கட்டினார். ஆண்ட்ரோமெடா திசையிலிருந்து வந்தது நம்மைக் கடந்து போனால் எந்தத் திசையில் போகும்? நேர் எதிர்த் திசையில். வான உருண்டையில் அந்தப் புள்ளிக்கு நேர் எதிரே ஏறத்தாழத் தீட்டா சென்டாரி இருக்கிறது. தெற்கு வானம். கோட்டிங்கனிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகைகூட ஒழுங்காக ஏறாது. ஆகவே தெற்கே இருக்கும் யாராவதுதான் பார்க்க வேண்டும். நன்னம்பிக்கை முனையில் நல்ல வானாய்வகம் இருந்தது, ஆனால் 1879 வரை அந்த ஊருக்கு ஐரோப்பாவிலிருந்து தந்திக் கம்பியே கிடையாது. மதராஸுக்கு இருந்தது. மதராஸில் தீட்டா சென்டாரி 40 பாகைக்கு மேல் ஏறும். அங்கே வானியலாளரும் இருந்தார், அதுவும் யார்? போக்சன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம். நட்சத்திரங்களின் ஒளி அளவை இன்றும் நாம் சொல்கிற கணக்கு இவருடையது. ஒரு படி வித்தியாசம் என்றால் ஒளியில் 2.512 மடங்கு என்று 1856-இல் முன்வைத்தார். 1861-இல் மதராஸ் வந்தார். வந்த சில வாரத்தில், ஏப்ரல் 17-இல், ஒரு சிறுகோள் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். சாப்போ, சில்வியா, கமில்லா எல்லாம் நுங்கம்பாக்கத்தில் பிடிபட்டவைதான். சிறுகோள் தேடுவது என்றால் என்ன வேலை தெரியுமா? வரைபடத்தில் இல்லாத ஒரு மங்கல் புள்ளி, ராத்திரிக்கு ராத்திரி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி தன் பங்குக்கு 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். தந்தி வந்த அதே 1872-இன் தொடக்கத்தில்தான் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வாகியிருந்தார். அந்தக் காலைகளில் அவரும் உடன் இருந்தாரா என்பது போக்சனின் கடிதத்திலிருந்து தெரிவதில்லை. நகரும் புள்ளியையும் நிற்கும் புள்ளியையும் பிரித்தறியப் பழகிய இடம் அது என்பதுதான் நான் சொல்ல வருவது.

சரி, அந்தக் காலைகளுக்கு வருவோம். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் உதிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் வானத்தின் அந்தப் பகுதி மேலே வரும். நாலு மணிக்கு எழுந்து தென்கிழக்கே பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. (அந்த வானாய்வக வளாகம்தான் இப்போது மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடம். "நுங்கம்பாக்கத்தில் இத்தனை செ.மீ." என்று டிசம்பரில் செய்தியில் கேட்கிறோமே, அதே நுங்கம்பாக்கம். 1792-இல் கட்டிய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.)

முதல் இரண்டு காலைகள் மேகம், மழை. மூன்றாவது நாள், நம் கணக்கில் டிசம்பர் 3 விடியற்காலை ஐந்தரை மணி சுமாருக்கு, மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் நீலம் திறந்தது. புத்தகங்களில் இது டிசம்பர் 2 என்று இருக்கும். குழம்ப வேண்டாம். அந்தக் காலத்து வானியலாளர்களுக்கு நாள் நண்பகலில் பிறக்கும், ஆகவே விடியற்காலை அவர்களுக்கு முந்தைய நாளின் பதினேழரை மணி. அந்தச் சின்னத் திறப்பில் போக்சன் வால்மீனைப் பிடித்தார். வட்டமாக, பிரகாசமாக, நடுவே தெளிவான உட்கருவோடு, வால் இல்லாமல், 45 விகலை அகலத்தில் இருந்தது. வெளுத்துக்கொண்டிருந்த வானத்தில் கண்டது இவ்வளவு.

இடத்தை எப்படிக் குறிப்பது? வால்மீனுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். நட்சத்திரத்தின் இடம் தெரிந்தால் வால்மீனின் இடமும் தெரியும். அன்று கிடைத்த நட்சத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. அதை வைத்து நாலு ஒப்பீடுகள்தான் எடுக்க முடிந்தது. ஆனால் அந்த நாலுக்குள் முக்கியமான ஒன்று சிக்கியது. நாலு நிமிடத்தில் அந்தப் பொருள் வல ஏற்றத்தில் இரண்டரை நொடி கிழக்கே நகர்ந்திருந்தது. நெபுலாவோ விண்மீன் கொத்தோ என்றால் நகராது. அந்தப் பக்க வானத்தில் அப்படி ஏமாற்றக்கூடிய மங்கல் பொருட்கள் நிறையவே உண்டு. நகர்ந்தது என்றால் வால்மீன். போக்சனுக்குத் திருப்தி. தேடச் சொன்ன பொருள் இதுதான் என்று உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் காலை இன்னும் நன்றாக வாய்த்தது. ஒரு பெயரில்லா நட்சத்திரத்தோடு ஏழு ஒப்பீடு, அப்போது தயாராகிக்கொண்டிருந்த மதராஸ் நட்சத்திரப் பட்டியலில் உள்ள ஒன்றோடு இரண்டு, டெய்லர் 7734 என்ற நட்சத்திரத்தோடு இரண்டு. இந்த டெய்லரும் மதராஸ்காரர்தான். இதே ஆய்வகத்தில் போக்சனுக்கு முன்னால் இருந்து 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை 1844-இல் வெளியிட்டவர். தொலைந்துபோன ஒரு வால்மீனின் முகவரி அதே வளாகத்தில் அளந்த நட்சத்திரங்களை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இப்போது அகலம் 75 விகலை. வாலும் தெரிந்தது. மங்கல்தான், ஆனால் சந்தேகமில்லாத வால், 8 கலை நீளம், அதாவது முழுநிலாவின் அகலத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். பியேலா இரண்டாகப் பிளந்தது அல்லவா, மற்றப் பாதியைத் தேட நேரம் இல்லாமல் போயிற்று என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அடுத்த காலை மறுபடி மேகமும் மழையும்.

இரண்டு காலை. இங்கேதான் விஷயம் அடிபட்டது. ஒரு சுற்றுப்பாதையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒவ்வொரு முறை இடம் பார்க்கும்போதும் நமக்குக் கிடைப்பது இரண்டு எண்: கிழக்கு மேற்கில் எங்கே, வடக்கு தெற்கில் எங்கே. தூரம் தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று காலை வேண்டும். போக்சனிடம் நாலு எண்கள் இருந்தன. மதராஸில் இன்னும் ஒரு அரைமணி நேரம் வானம் வெளுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பாதை கணக்கிட முடியாது, சரி. அது பியேலா இல்லை என்று மட்டும் எப்படிச் சொன்னார்கள்? பியேலாவின் பழைய பாதை நன்றாகத் தெரிந்ததுதான். அதை முன்னோக்கி ஓட்டிப் பார்த்தால், நவம்பர் 27-இல் பூமி கடந்த இடத்தை வால்மீன் ஏறத்தாழ 12 வாரம் முன்பே கடந்து போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் அதன் வேகம் நாளுக்கு 30 லட்சம் கி.மீ.க்கு மேல். அப்படியானால் போக்சன் பார்த்த நேரத்தில் பியேலா கோடிக்கணக்கான கி.மீ. தள்ளி வேறெங்கோ இருந்திருக்கும். பின்தங்கிப்போன ஒரு துண்டாக இருக்கலாமே என்று கேட்கலாம். 1846-இலிருந்து 1852 வரை ஒரு சுற்றில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே விழுந்த இடைவெளி அவை ஒரு நாளில் ஓடும் தூரத்தைவிடக் குறைவு. அதே துண்டு நாலு சுற்றுக்குள் 12 வாரம் பின்தங்குவதை என்னால் நம்ப முடியவில்லை.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது போக்சனின் சொந்த அளவு. அந்த இரண்டரை நொடி.

லெவல் கிராசிங்கில் நின்று, நம்மைக் கடந்துபோன ரயிலின் கடைசிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் வரும்போது சடாரென்று கடக்கும். தாண்டிய பிறகு தண்டவாளம் போய்ச் சேரும் அந்த ஒரே புள்ளியில் அசையாமல் நின்றபடி சிறுத்துக்கொண்டே போகும். க்ளிங்கர்ஃபூஸ் சொன்னபடி பியேலா 27-ஆம் தேதி நம்மை உரசிவிட்டு நேர் எதிர்த் திசையில் விலகியிருந்தால், ஆறு நாள் கழித்து அது அப்படித்தான் தெரிய வேண்டும். எதிர்ப்புள்ளியின் பக்கம் ஏறக்குறைய நிலையாக, நாளுக்கு நாள் சிறிதாக. போக்சன் கண்டதோ நாலு நிமிடத்தில் இரண்டரை நொடி. இதை ஒரு நாளுக்கு விரித்தால் வல ஏற்றத்தில் சுமார் 15 நிமிடம், வானத்தில் ஏறத்தாழ மூன்று பாகை, ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய நீளம். மறுநாள் காலை அளந்த இடமும் இதோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நகர்ந்ததும் தீட்டா சென்டாரியை நெருங்கி அல்ல, விலகி. அகலமும் குறையவில்லை. முதல் நாள் வெளிச்சத்தில் விளிம்பு தெரியாமல் போயிருக்கலாம், ஆகவே 45 எப்படி 75 ஆயிற்று என்பதில் நான் ரொம்பத் தொங்க மாட்டேன். ஆனால் நகர்வை அப்படித் தள்ளிவிட முடியாது.

அதாவது, எந்த அளவை வைத்து "இதுதான் அது" என்று போக்சன் முடிவு செய்தாரோ, அதே அளவு "இது அது இல்லை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அது வால்மீன் என்பதற்கு நகர்வு சாட்சி. பியேலா என்பதற்கு அதுவே எதிர்சாட்சி. விடியற்காலை ஐந்தரைக்கு, மேகம் மூடுவதற்குள், கையில் கோட்டிங்கன் தந்தியோடு நிற்கிற ஒருவரிடம் இந்தக் கணக்கை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. க்ளிங்கர்ஃபூஸ் அப்படி எதிர்பார்த்திருக்கலாம், அவருக்கு ஐரோப்பாவில் மேஜையும் நேரமும் இருந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐந்து நிமிடம் மட்டும் வானம் திறந்த காலையில் நாலு ஒப்பீடு எடுத்து, அந்த நாலிலிருந்து மறுநாள் இடம் வரை ஒத்துப்போகிற ஒரு வேகத்தைப் பிடித்தது சாதாரண வேலை இல்லை. அந்த ஒத்திசைவினால்தான், வேறு எவரும் பார்க்காத இந்த வால்மீனைக் கற்பனை என்றோ கண்ணாடிப் பிரதிபலிப்பு என்றோ தள்ள முடியவில்லை. தேடச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே சம்பந்தமில்லாத இன்னொரு பிரகாசமான வால்மீன் வந்து நின்றது நம்பக் கஷ்டமான தற்செயல்தான். ஆனால் தெற்கு வானத்தில் விடியல் நேரத்தில் வால்மீன் தேடுவதையே வேலையாக வைத்திருந்தவர்கள் அன்று மிகக் குறைவு. தந்தி வராவிட்டால் அந்தப் பருவமழை மாதத்தில் நாலு மணிக்கு எழுந்து அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்ப யாருக்கும் காரணம் இல்லை. இன்னும் எத்தனை வந்துபோயினவோ.

போக்சன் அதற்கப்புறமும் மதராஸை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பாமலே 30 வருஷம் இருந்து 1891-இல் இங்கேயே இறந்தார். அவர் மகள் எலிசபெத் ஐசிஸ் 1873-இலிருந்து அதே ஆய்வகத்தில் கணக்குப் பணியில் சேர்ந்தார். பியேலாவின் எரிகற்கள் 1885 நவம்பர் 27-இல் மறுபடி ஒருமுறை கொட்டிவிட்டுப் படிப்படியாக ஓய்ந்தன.

இன்றைய பட்டியலில் பியேலாவின் பெயர் 3டி/பியேலா. அந்த ஆங்கில 'டி' மறைந்துபோனது என்பதற்கான குறி. பாதை தெரியும், பொருள் இல்லை. போக்சன் பார்த்ததும் பட்டியலில் உண்டு: எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னால் இருக்கும் 'எக்ஸ்', நம்பும்படியான பாதை கணக்கிட முடியாத வால்மீன் என்று பொருள்படும். பின்னால் இருக்கும் 'எக்ஸ்' டிசம்பரின் முதல் பாதி. ஒன்று என்பது அந்த அரைமாதத்தில் கண்ட முதலாவது.